திரும்பி வந்தா போதுமா? கோவலனும் கண்ணகியும் காவிரிக் கரையில நடந்த கதை

இந்த எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேச்சுல வந்த "அதாவது", "ஆக்சுவலி" எல்லாத்தையும் வெட்டிட்டு, விஷயத்தை மட்டும் வெச்சிருக்கோம்.

கொரியன் சீரிஸ், வெப் நாவல் எதை எடுத்தாலும் இப்போ ஒரு வகைக் கதை ரொம்ப ஓடுது. கல்யாணம் ஆகி, மனசு விட்டுப்போய், பிரிஞ்ச ஜோடி திரும்பச் சேருவாங்க. இதுக்குப் பேரு செகண்ட் சான்ஸ் ரொமான்ஸ். பெரும்பாலும் ஒரு மழை, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கட்டிப்பிடி, அதோட கதை முடிஞ்சிடும்.

நிஜத்துல கஷ்டம் ஆரம்பிக்கிறதே அந்தக் கட்டிப்பிடிக்கு அப்புறம்தான். காயம்பட்ட ரெண்டு பேர் மறுபடி ஒரே வீட்டுல இருக்கணும்னா நடுவுல என்ன நடக்கணும்? இதைப் படிப்படியா காட்டுற ஒரு கதை தமிழ்லயே இருக்கு. நமக்கு நல்லாத் தெரிஞ்ச கதைதான். ஸ்கூல்ல மனப்பாடமும் பண்ணோம். ஆனா நாம பாத்ததெல்லாம் அதோட முதல் சீனும் கடைசி சீனும்தான். சிலப்பதிகாரத்தைத்தான் சொல்றேன்.

பாபநாசத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துடறேன். கமல் படத்துல வர்ற பாபநாசம் திருநெல்வேலிப் பக்கம். நான் சொல்றது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல இருக்கிற பாபநாசம். நூத்தியெட்டு சிவாலயம் இருக்கிற ஊரு. திருப்பாலைத்துறை கோயில்ல நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் நிக்கும். சுத்தி வயல்தான். வடக்கால கொஞ்ச தூரம் போனா கபிஸ்தலம், அங்க காவிரி.

இந்த ஊருக்குப் பக்கத்துல உத்தமதானபுரம்னு ஒரு கிராமம் இருக்கு. 1855-ல பிறந்த உ.வே.சாமிநாதையரோட சொந்த ஊரு அதுதான். கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியாரா இருந்துக்கிட்டே ஓலைச்சுவடி தேடித் தேடி, 1892-ல சிலப்பதிகாரத்தைப் பழைய உரையோட பதிப்பிச்சது அவர்தான். நாம இன்னைக்கு இந்தக் கதையை வரி வரியா படிக்க முடியுதுன்னா இந்தப் பக்கத்துக்காரரோட உழைப்பு அதுல பெரிய பங்கு.

இன்னொரு சம்பந்தமும் இருக்கு. திரும்பச் சேந்த அப்புறம் கோவலனும் கண்ணகியும் நடக்குறது இந்தக் காவிரிக் கரையோரமாத்தான். பூம்புகார்ல கிளம்பி, ஆத்தோட வடகரையைப் பிடிச்சு மேற்கே போறாங்க. ஸ்ரீரங்கம், உறையூர், அப்புறம் தெற்கே திரும்பி மதுரை. டெல்டாவைக் கார்ல ரெண்டு மூணு மணி நேரத்துல தாண்டிடறோம். அவங்க பல நாள் நடந்தாங்க. நம்ம கேள்விக்குப் பதில் அந்த நடையிலதான் இருக்கு.

திரும்பி வந்த அன்னைக்கு என்ன பேசினாங்க?

கதைச் சுருக்கம் இதுதான். புகார்ல பெரிய வணிகக் குடும்பத்துக் கோவலன், கண்ணகியைக் கல்யாணம் பண்ணிக்கிறான். கொஞ்ச வருஷத்துல மாதவிங்கற நாட்டியக்காரியோட போயிடறான். சொத்தெல்லாம் கரையுது. கடற்கரையில ரெண்டு பேரும் பாடின பாட்டைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு மாதவியையும் விட்டுட்டு வீட்டுக்கு வர்றான்.

அவன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு சின்ன சீன் இருக்கு. தேவந்தின்னு கண்ணகியோட தோழி வந்து, இன்ன குளத்துல குளிச்சு, காமவேள் கோயில்ல கும்பிட்டா புருஷன் திரும்புவான்னு வழி சொல்றா. கண்ணகி அது தனக்குப் பெருமை இல்லைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறா. அவன் வரணும்னு அவளுக்கு ஆசை இருந்திருக்கலாம். அதுக்காகத் தன்னைத் தாழ்த்திக்க அவ தயாரா இல்லை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்போதான் கோவலன் உள்ள வர்றான். வந்து ரெண்டு விஷயம் சொல்றான். ஒண்ணு, ஒரு வஞ்சகியோட சேந்து கெட்டுப்போனேங்கறான், அதாவது பழி மாதவி மேல. ரெண்டாவது, முன்னோர் சேத்து வெச்ச மலை மாதிரி செல்வம் போச்சு, வெக்கமா இருக்குங்கறான், அதாவது வருத்தம் பணத்தைப் பத்தி. உன்னை விட்டுட்டுப் போனேன், உனக்கு வலிச்சிருக்கும்ங்கற பேச்சே அதுல இல்லை.

கண்ணகி சிரிச்சுக்கிட்டு, சிலம்பு இருக்கு, எடுத்துக்கோங்கன்னு சொல்றா. மாதவிக்குக் குடுக்கப் பணம் இல்லாம வந்திருக்கான்னு நெனச்சு அப்படிச் சொன்னதா உரைகள்ல விளக்கம் உண்டு. ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு இந்த ஒரு இடமே காட்டிடுது. உடனே கோவலன், இந்தச் சிலம்பையே முதலா வெச்சு மதுரையில வியாபாரம் பண்ணலாம், கிளம்புங்கறான். பொழுது விடியறதுக்கு முன்னாடி வீட்டை விட்டுப் போறாங்க.

ஆபீஸ்ல சர்வர் மாட்டிக்கிச்சுன்னா முதல்ல ரீஸ்டார்ட் பண்ணிப் பாப்போம். ஓடும். ஆனா ஏன் மாட்டுச்சுன்னு உக்காந்து யோசிச்சு எழுதி வைக்கலைன்னா, அடுத்த வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு மறுபடி ஃபோன் வரும். கோவலன் அன்னைக்குப் பண்ணது ரீஸ்டார்ட். புது ஊரு, புதுத் தொழில், பழசு எதுவும் பேசாத ஒரு தொடக்கம்.

நடை

வழியில கவுந்தியடிகள்ங்கற சமணத் துறவி அவங்களோட சேர்றாங்க. டெல்டாவைத் தெரிஞ்சவங்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வழியில என்னென்ன இருக்கும்னு அந்தம்மா எச்சரிக்கை சொல்லிக்கிட்டே வர்றாங்க. தோட்டத்து வழியா போனா கிழங்கு தோண்டின குழியைப் பூ மூடியிருக்கும், கால் உள்ள போயிடும். மஞ்சளும் இஞ்சியும் போட்ட இடத்துல பலாக்கொட்டை குத்தும். வயல் வரப்புல நண்டும் நத்தையும் காலடியில நசுங்கும், அந்தப் பாவம் வரும். நடவுப் பாட்டு, ஏர்ப் பாட்டு, மதகுல தண்ணி விழற சத்தம், எல்லாம் கேட்டுக்கிட்டே போறாங்க. ஒரு நாளைக்கு ஒரு காதத்துக்கு மேல நடக்குறதில்லை. அங்கங்க தங்கித் தங்கிப் போறாங்க.

ஆரம்பத்துலயே கண்ணகிக்குக் கால் நோகுது. மதுரை எங்கன்னு கேக்குறா. முப்பது காதம் போகணும். கோவலன் அதை ஆறு, அஞ்சுன்னு பிரிச்சு, கிட்டக்கதான்னு சொல்லிச் சிரிக்கிறான். பாக்க அழகா இருக்கு, ஆனா உண்மையை நேரா சொல்லாம மழுப்புற பழக்கம் இன்னும் போகலை. இந்த வேகத்துல முப்பது காதம் போகணும்னா அதுவே ஒரு மாசம்.

அந்த நாட்கள்ல சின்னச் சின்னதா நிறைய நடக்குது. எதிர்ல வந்த ஒரு ஆணும் பொண்ணும் இவங்களைக் கிண்டல் பண்றாங்க. கண்ணகி காதைப் பொத்திக்கிட்டு நடுங்குறா. கவுந்தியடிகள் கோவத்துல அவங்களை நரியாப் போகச் சபிச்சிடறாங்க. அப்போ கண்ணகியும் கோவலனும் சேந்தே, அறியாமச் சொல்லிட்டாங்க, சாபத்துக்கு ஒரு முடிவு சொல்லுங்கன்னு வேண்டுறாங்க. சாபம் ஒரு வருஷமாக் குறையுது. யாரோ ரெண்டு பேருக்காக, திரும்பச் சேந்த அப்புறம் இவங்க ஒரே குரல்ல மன்னிப்பு கேக்குறாங்க. தங்களுக்குள்ள பேச முடியாத ஒண்ணை, வெளியில ஒத்திகை பாத்த மாதிரி எனக்குத் தோணும்.

அப்புறம் காடு. தண்ணி குடிக்கப் போன கோவலன் முன்னாடி ஒரு வனதெய்வம், மாதவியோட தோழி வசந்தமாலை உருவத்துல வந்து மயக்கப் பாக்குது. மனக்காயம் பத்திப் பேசுறவங்க டிரிக்கர்னு சொல்வாங்களே, அதேதான். பழசு தெரிஞ்ச முகத்தோடதான் வரும். அவன் ஏமாறலை, மந்திரம் சொல்லி அதை விலக்குறான். ஆனா இதை உன் மனைவிகிட்ட சொல்லாதேன்னு தெய்வம் கேட்டுக்குது, அவனும் தண்ணியோட திரும்பிடறான். சோதனையில ஜெயிச்சாச்சு, அதைக் கூட இருக்கிறவகிட்ட சொல்ற தைரியம் இன்னும் வரலை.

மன்னிப்பு மூணு படியில வருது

சிலப்பதிகாரத்துல நான் ரொம்ப வியக்குறது இதைத்தான். கோவலனோட மன்னிப்பு ஒரே நாள்ல வரலை.

முதல் படி, ஒரு கடிதம். மதுரைக்குக் கிட்டப் போறப்போ கௌசிகன்ங்கறவர் மாதவியோட ஓலையைக் கொண்டு வர்றார். முதல்ல அவ அனுப்பின ஓலையை வாங்க மறுத்தவன், இதை வாங்கிப் படிக்கிறான். தப்பு அவளோடது இல்லை, என்னோடதுன்னு அவனுக்குப் புரியுது. வஞ்சகின்னு பழி போட்டதுலேர்ந்து இங்க வந்திருக்கான். ஆனா தன் சொந்த வார்த்தை இன்னும் கைக்கு வரலை. அந்த ஓலையில இருக்கிற வார்த்தைகளே தன் பெத்தவங்ககிட்ட சொல்றதுக்கும் பொருந்துதுன்னு, அதையே அவங்ககிட்ட குடுக்கச் சொல்லி அனுப்புறான். அடுத்தவங்க டைப் பண்ண சாரியை ஃபார்வர்ட் பண்ற மாதிரி. சிரிப்பு வரலாம், ஆனா பல பேருக்கு முதல் மன்னிப்பு அப்படித்தான் வரும்.

ரெண்டாவது படி, மூணாவது மனுஷி. மதுரை வாசல்ல கவுந்தியடிகள்கிட்ட, நான் வழி தவறிட்டேன், என்னால இவ தெரியாத ஊருல கஷ்டப்படுறான்னு ஒத்துக்கிறான். முதல் தடவையா "இவ பட்ட பாடு" அவன் பேச்சுல வருது. ஆனாலும் சொன்னது அவகிட்ட இல்லை.

மூணாவது படிதான் கண்ணகிகிட்ட. மாதரிங்கற ஆயர் குலத்து அம்மா வீட்டுல அடைக்கலம். கண்ணகி தன் கையால சமைச்சு, பாய் விரிச்சு, வாழையிலையில சாப்பாடு போடுறா. சாப்பிட்டு முடிச்சு வெத்தலையும் போட்டாச்சு. அவன் பேச ஆரம்பிக்கிறான். வெட்டிக் கூட்டத்தோட சிரிச்சுப் பேசி காலத்தைத் தொலைச்சேன். பெரியவங்க சொன்னதைக் கேக்கலை. அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யலை. உனக்கும் கெடுதல் பண்ணேன். அது தப்புன்னுகூட அன்னைக்கு நெனக்கலை. ஊரை விட்டு வான்னு கூப்பிட்டேன், எழுந்து வந்துட்டியே, என்ன காரியம் பண்ணேங்கறான்.

இங்க மாதவியும் இல்லை, பணமும் இல்லை. "நான்", "உனக்கு", இந்த ரெண்டும்தான் இருக்கு.

அவ சொன்ன பதில்

பல சினிமாவுல இந்த இடத்துல பொண்ணு அழுதுகிட்டே, பரவாயில்லைங்க, நீங்க வந்ததே போதும்னு சொல்லிடுவா. கண்ணகி அப்படிச் சொல்லலை. அவ கணக்கை எடுத்து வைக்கிறா.

நீங்க இல்லாததால விருந்தாளியை வரவேத்து உபசரிக்கிற வாழ்க்கையே எனக்கு இல்லாமப் போச்சுங்கறா. அன்னைக்குச் சமூகத்துல ஒரு இல்லத்தரசிக்கு இருந்த மரியாதை அது. உங்க அப்பாவும் அம்மாவும் பாக்க வர்றப்போ என் வலியை மறைச்சுப் பொய்யாச் சிரிச்சேன், அந்தச் சிரிப்பைப் பாத்தே அவங்க நொந்து போனாங்கங்கறா. பெரியவங்க யாரும் மெச்சாத காரியத்தை நீங்க செஞ்சீங்கன்னு நேருக்கு நேரா சொல்றா. நான் மாறாம இருந்தேன், அதனால எழுந்து வந்தேன்னு முடிக்கிறா.

திரும்பி வந்த அன்னைக்குச் சிரிச்சதும், அப்பா அம்மா முன்னாடி சிரிச்சதும் என்ன சிரிப்புன்னு இப்போதான் நமக்குப் புரியுது. "கண்ணகி மாதிரி பொறுத்துப் போ"ன்னு வீட்டுப் பெரியவங்க சொல்றப்போ இந்தப் பதிலை விட்டுட்டுத்தான் சொல்றாங்க. மெரினாவுல கையில சிலம்போட நிக்கிற கண்ணகி பாண்டியன்கிட்ட நியாயம் கேட்டவ. அதுக்கு முன்னாடி, ஒரு இடைக்குடி வீட்டுல, சொந்தப் புருஷன்கிட்ட தாழ்ந்த குரல்ல நியாயம் பேசினவளும் அவதான்.

கனடாவுல வேலை செஞ்ச உளவியலாளர் சூ ஜான்சன், தம்பதிகளுக்கான சிகிச்சையில ஒரு விஷயத்தைத் தனியாப் பேர் வெச்சு சொன்னாங்க. ரொம்பத் தேவைப்பட்ட நேரத்துல துணை கைவிட்டுட்டா வர்ற காயம், மத்த சண்டை மாதிரி தானா ஆறாது. அது ஆறணும்னா, காயம்பட்டவர் என்ன வலிச்சுதுன்னு சொல்லணும். அடுத்தவர் குறுக்கே பேசாம, தன்னை நியாயப்படுத்தாம கேட்டு, என்னாலதான்னு ஏத்துக்கணும். அதுக்கப்புறம்தான் ஆறுதல் கேக்கவும் குடுக்கவும் முடியும். மாதரி வீட்டுல நடந்ததைப் பாருங்க. அவன் ஏத்துக்கிட்டான், அவ சொன்னா. அவ முடிச்ச அப்புறமும் அவன் வாதாடலை. உறவை எல்லாம் விட்டுட்டு என் கூட வந்து என் துயரத்தைத் தீத்தியேன்னுதான் சொல்றான்.

சட்டம் எதைக் குடுக்கும், எதைக் குடுக்காது?

இன்னைக்கு இதே ஜோடி சென்னையில இருந்தா குடும்ப நீதிமன்றத்துல நின்னிருப்பாங்க. 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்துல, கல்யாணம் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள பொதுவா விவாகரத்து மனு போட முடியாது. அது 14-ம் பிரிவு. மணிரத்னத்தோட "மௌன ராகம்" (1986) கதையே இது மேலதான் நிக்குது. காதலனைப் பறிகொடுத்த வலியோட கல்யாணம் பண்ணிக்கிட்ட திவ்யா விவாகரத்து கேக்குறா, ஒரு வருஷம் ஆகட்டும்னு சொல்லிடறாங்க, ஒரே வீட்டுல காத்திருக்காங்க.

ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறதுன்னா 13பி பிரிவு. மனு போட்டு ஆறு மாசம் காத்திருக்கணும். சேர வாய்ப்பே இல்லைன்னா இந்த ஆறு மாசத்தைத் தளர்த்தலாம்னு 2017-ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 1984-ல வந்த குடும்ப நீதிமன்றச் சட்டமும் முதல்ல சமரசத்துக்கு முயற்சி பண்ணச் சொல்லுது. 9-ம் பிரிவுல, காரணமில்லாமப் பிரிஞ்ச துணையைத் திரும்ப வந்து வாழச் சொல்லிக் கேட்டு மனு போடலாம். அந்தப் பிரிவு செல்லாதுன்னு 1983-ல ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னதும், செல்லும்னு 1984-ல உச்ச நீதிமன்றம் சொன்னதும் பெரிய விவாதமாச்சு.

ஆக, சட்டம் நேரம் குடுக்கும். ஒரு அறையில உக்கார வைக்கும். திரும்பி வான்னு உத்தரவுகூடப் போடும். மாதரி வீட்டுல நடந்த அந்தப் பேச்சை மட்டும் எந்த உத்தரவாலயும் வரவைக்க முடியாது.

ஒரு முக்கியமான விலக்கு

இந்தக் கதையில கோவலன் விட்டுட்டுப் போனான், அடிக்கலை. அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்குறது, வெளிய விடாம வைக்கிறது இதெல்லாம் இருக்கிற வீட்டுக்கு இந்த எபிசோட் பொருந்தாது. அங்க முதல் வேலை பாதுகாப்பு. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு, பெண்களுக்கான 181 உதவி எண் இருக்கு. ரெண்டாவது வாய்ப்புங்கறது குடுக்குறவங்க விருப்பம், யாருக்கும் கடமை இல்லை. கும்பிட்டு வரவைக்க மாட்டேன்னு தேவந்திகிட்ட கண்ணகி சொன்னதும் அந்த உரிமையிலதான்.

சரி, நாம என்ன எடுத்துக்கலாம்?

திரும்பி வந்தவர் முதல் நாளே சரியான வார்த்தை சொல்லணும்னு எதிர்பாக்காதீங்க. ஆனா எந்தப் படியில நிக்கிறார்னு கவனிங்க. இன்னும் அடுத்தவங்க மேல பழி போடுறாரா? மூணாவது மனுஷங்ககிட்ட மட்டும் ஒத்துக்கிறாரா? உங்ககிட்ட சொன்னாரா? நீங்க திரும்பிப் போறவரா இருந்தா, வேலை, கடன், புது வீடுன்னு திட்டம் போடுறதுக்கு முன்னாடி உங்களால அடுத்தவருக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. பதில் வர்றப்போ குறுக்கே பேசாதீங்க. நீங்க காயம்பட்டவரா இருந்தா, சிரிச்சு மறைக்கிறதைப் பொறுமைன்னு நெனச்சுக்காதீங்க. கண்ணகிக்கே அந்தச் சிரிப்பு வேலைக்கு ஆகலை.

மெதுவாப் போறதுல தப்பே இல்லை, ஒரு நாளைக்கு ஒரு காதம் போதும். ஆனா சொல்ல வேண்டியதைக் கடைசி ஊர் வரைக்கும் தள்ளிப்போடாதீங்க. ஏன்னா அந்தச் சாப்பாட்டுக்கு அப்புறம் கோவலன், ஒரு சிலம்பை வித்துட்டு வர்றேன், கலங்காதேன்னு சொல்லிட்டு, கண்ணுல வந்த தண்ணியை மறைச்சுக்கிட்டு வெளிய போறான். அதுக்கப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். புகார்லேர்ந்து மதுரை வரைக்கும் அத்தனை நாள் பக்கத்துலயே நடந்து வந்தாங்க. மனசு விட்டுப் பேசினதுக்கு அப்புறம் அவங்களுக்குக் கெடைச்சது ஒரு சாயங்காலம்கூட இல்லை.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.